மெழுகுதிரிக்கு ஒரு கடுதாசித் தொப்பி

பிள்ளைகளே, ஒருவருக்கு நன்றி சொல்லப் போய் அவருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் உங்கள் அப்பா. உங்கள் அம்மா இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் விமானக் கம்பனியில் வேலை செய்த அந்தத் தங்கச்சி எங்களுக்குச் செய்தது என்ன என்பதை அவர் ஓட்டமாகச் சொல்லி முடித்துவிடுவார். எனக்கு அதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

மூத்தவளே, அப்போது உனக்கு நான்கு வயது. சின்னவன் பிறக்கவில்லை. கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் உனக்குக் காய்ச்சல் வந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாய். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, உன் அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தபடியே வேளாங்கன்னி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை எழும்பினால், பிள்ளையின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து ஏற்றுகிறேன் என்று. நீ எழும்பினாய். எழும்பி முதலில் கேட்டது குச்சியில் வருகிற ஐஸ் பழம்.

இந்த நேர்த்தி நாங்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் யாருக்கும் புதியது அல்ல. மற்றவர்கள் வேளாங்கன்னிக்குப் போய் அங்கேயே மெழுகுதிரி வாங்கி ஏற்றிவிட்டு வருவார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"கொண்டு வாறன் எண்டுதான் மாதாகிட்ட சொன்னேன். வாங்குறேன் எண்டு சொல்லல்ல," என்றார் அம்மா.

அதற்குமேல் என்ன பேசுவது? நீ நித்திரையாக இருக்கும்போது தலையிலிருந்து குதிகால்வரை நூல் பிடித்து அளந்தார். அந்த நூலை மாதா கோவிலடியில் மெழுகுதிரி வார்க்கிறவரிடம் கொடுத்தோம். அவர் வார்த்துத் தந்தது என் மணிக்கட்டுப் பருமன், உன் உயரம். வீட்டில் சுவரோடு சாய்த்து வைத்தால் வெக்கையில் வளைந்துவிடும் என்று, விமானம் ஏறும் நாள்வரை அதைக் கட்டிலில் உன் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தோம். நீ அதற்குப் போர்வை போர்த்திவிடுவாய்.

அது சண்டைக் காலம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் பழைய பெட்சீற்றை அவிழ்த்து மெழுகுதிரியைக் காட்டி, மறுபடி சுற்றிக் கட்டினேன். விமானக் கம்பனிக் கவுண்டருக்கு வந்து சேரும்போது எனக்கு வேர்த்து ஒழுகியது. எங்களுக்கு முன்னால் திருச்சிக்குப் போகிற வியாபாரிமாரின் நீளமான வரிசை.

கவுண்டரில் இருந்த தங்கச்சி கண்ணாடி போட்ட மெலிந்த பிள்ளை. பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. எங்கள் முறை வந்ததும் பாஸ்போட்டை வாங்கினவள், பொதியைக் கண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, இது என்ன?"

"மெழுகுதிரி தங்கச்சி."

"முழுக்க மெழுகுதிரியோ?"

"வேளாங்கன்னிக்கு. பிள்ளைட உயரம்," என்றார் அம்மா.

தங்கச்சி எழுந்து கவுண்டருக்கு மேலால் எட்டி உன்னைப் பார்த்தாள். "இந்தப் பிள்ளையோ? இவ மெழுகுதிரியை விட உயரம் போல கிடக்கு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அளந்து ஒரு மாசமாச்சு. வளந்துட்டாளோ?"

"ஐயோ அக்கா, சப்பாத்து போட்டிருக்கிறா. அதுதான்."

நான் உடனே குனிந்து உன் கால் சப்பாத்தைக் கழற்றி, மெழுகுதிரியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். சரியாக இருந்தது. வரிசையில் நின்ற வியாபாரி ஒருவர் பொறுமை இழந்து, "அம்மா, மூணாய் முறிச்சு பேக்குல போடுங்க. அங்க போய் உருக்கி ஒட்டிக்கலாம்," என்றார்.

"அப்ப பிள்ளையையும் மூணாய் முறிச்சு ஒட்டவா?" என்று அம்மா திரும்பினார். அந்த மனிதர் அதற்குப் பிறகு விமானத்திலிருந்து இறங்கும்வரை எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

ஆனால் சிக்கல் உண்மையான சிக்கல்தான். கையில் கொண்டு போக நீளம் கூட. பெட்டிகளோடு கீழே போட்டால் உடைந்துவிடும். தங்கச்சி அதை எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "முடியாது" என்று பாஸ்போட்டைத் திருப்பித் தரவும் இல்லை. "கொஞ்சம் உந்தப் பக்கம் நில்லுங்கோ. பின்னால நிக்கிறவையைப் பார்த்துப்போட்டு வாறன்," என்றாள்.

நாங்கள் விலகி நின்றோம். அவள் வரிசையைப் பார்த்து முடித்தாள். பிறகு உள்ளே போய், விளம்பரப் படம் சுருட்டி வருகிற நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த கடற்கரைப் படத்தை இழுத்து வெளியே எடுத்தாள். மெழுகுதிரியை நுழைத்தால், குழாய் ஒரு சாண் குறைவு. திரியும் தலையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தங்கச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். மறுபடி உள்ளே போய், ஒரு கடுதாசிக் கோப்பையோடு வந்தாள். அதைக் கவிழ்த்து மெழுகுதிரியின் தலையில் வைத்து, ஒட்டுநாடாவால் சுற்றினாள்.

"தொப்பி!" என்று நீ கத்தினாய். அவ்வளவு நேரமும் சிரிக்காமல் இருந்த தங்கச்சி அப்போதுதான் சிரித்தாள்.

அதன் பிறகு நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். பின்னால் வருவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. அவள் தன்னுடைய மேலதிகாரியைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். அவர் டெலிபோனில் விமானிகளோடு கதைத்தார். விமானத்துக்குள் அவர்கள் கோட்டு மாட்டுகிற ஒடுக்கமான அலுமாரி ஒன்று இருக்கிறதாம், அதில் நிறுத்திவைக்கலாம் என்று சம்மதம் கிடைத்தது. தங்கச்சி குழாயைத் தூக்கிக்கொண்டு எங்களோடு சோதனை இயந்திரத்துக்கு வந்தாள். அங்கே இருந்த காவலர் ஒரு தரம் போட்டுப் பார்த்தார். தலைப்பக்கம் தெளிவாக இல்லை என்று சொல்லித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றி இரண்டாம் தரம் போட்டார். வேளாங்கன்னிக்கு என்று நான் சிங்களத்தில் சொன்னதும், தன் தாயாரும் ஒருமுறை போய்வந்தவர் என்று சொல்லி, ஒரு மஞ்சள் துண்டில் முத்திரை குத்தினார். அதே துண்டில் மேலதிகாரி கையெழுத்து வைத்தார். தங்கச்சி தொப்பியை மறுபடி ஒட்டி, துண்டைக் குழாயில் கட்டி, தன் கையாலேயே விமானத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"திருச்சியிலயும் சொல்லியிருக்கிறன். மறக்காமல் கேட்டு வாங்குங்கோ அண்ணா," என்றாள்.

திருச்சியில் நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. விமான வாசலில் மெழுகுதிரி தொப்பியோடு எங்களுக்காக நின்றது. அன்று பின்னேரமே வேளாங்கன்னிக்குப் போய்ச் சேர்ந்தோம். உன் அம்மா கீறல் விழாத அந்த மெழுகுதிரியை மாதாவின் முன்னால் நிறுத்தி, உன் கையைப் பிடித்து ஏற்றவைத்தார். அழுதார். நானும் அழுதேன். நீ தொப்பியைக் கேட்டு அழுதாய்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் ஓ லெவல் பரீட்சைவரை படித்தவன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களை எண்ணிக் குறிக்கிற வேலை. ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எனக்கு வேறொரு பெயரும் இருந்தது. யாராவது ஓய்வு பெற்றால், சுவாமியார் மாற்றலாகிப் போனால், தலைமை ஆசிரியைக்கு விழா எடுத்தால், வாழ்த்துமடல் எழுத என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதி வாசித்தால் கைதட்டுவார்கள். துறைமுகத்தில் பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றபோது, "சட்டதிட்டங்களைத் தூர வைத்துவிட்டு மனிதரை மட்டுமே பார்த்த மாமனிதரே" என்று எழுதினேன். கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. அவர் சட்டப்படி நடந்தவர்தான். ஒருநாள்கூட எங்களுக்கு அரைநாள் லீவை முழுநாளாக்கித் தராதவர். ஆனால் வாழ்த்துமடலில் அப்படித்தான் எழுதுவது. கேட்கிறவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வேளாங்கன்னியால் வந்த கையோடு, விமானக் கம்பனியின் பெரியவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று இரவு எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. அந்தத் தங்கச்சியைக் கருணையின் ஊற்று என்றேன். வானத்தில் பறக்கும் கம்பனிக்கு மண்ணில் கிடைத்த மாணிக்கம் என்றேன். எழுதி எழுதிக் கை சூடேறியபோது, என் பழைய வரியும் தானாக வந்து விழுந்தது. "சட்டதிட்டங்களைத் தூர வைத்துவிட்டு, எந்தச் சோதனையும் கேள்வியும் இல்லாமல், எங்கள் பொதியைத் தன் பொற்கரங்களாலேயே விமானத்தில் ஏற்றிவைத்தார்."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "பொற்கரம் எண்டா என்ன?" என்று மட்டும் கேட்டார்.

கம்பனிக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும் என்று வெள்ளவத்தையில் ஒரு டைப் கடைக்குக் கொண்டுபோனேன். வெளிநாட்டு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிற கடை அது. டைப் அடிக்கிறவர் என் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்து, அந்த வரியில் நின்றார்.

"அண்ணை, இதை அப்பிடியே இங்கிலீஷில போடவோ? சட்டத்தை மீறினவ எண்டெல்லோ வருது?"

"அதுதான் தம்பி கடிதத்தின்ட உச்சம். ஒரு சொல் குறையாம அடிங்க."

"உங்கட கடிதம். எனக்கென்ன," என்று அடித்தார். நான் கொழும்புக் கோட்டைத் தபால் கந்தோருக்கே போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

ஒரு மாதம் போனது. பதில் வரவில்லை. கம்பனியின் நகர அலுவலகம் கோட்டையில், துறைமுகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேளாங்கன்னி எண்ணெய்ப் போத்தலும் பொரியும் வைத்துக் கட்டிய பார்சலோடு அங்கே போனேன். அதை அந்தத் தங்கச்சியிடம் சேர்த்துவிடச் சொல்வது என் எண்ணம். அப்படியே கடிதம் கிடைத்ததா என்றும் அறியலாம்.

வாசலில் இருந்த பெண்ணிடம் விபரம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க இப்ப எயார்போட்ல இல்ல. இங்கதான், பின்னுக்கு ஃபைல் அடுக்குறாங்க. யாரோ ஒரு மனுசன் லெட்டர் எழுதி மாட்டிவிட்டுட்டான்."

"யார்? என்ன எழுதினான்?" எனக்குக் கோபம் வந்தது.

"செக் பண்ணாம பார்சல் ஏத்தினாங்க எண்டு."

நான் எழுதியதுதான் அது என்று விளங்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அது நான்தான்," என்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தங்கச்சி வெளியே வந்தாள். யூனிபோம் சாரி இல்லை, சாதாரணச் சட்டை பாவாடை. என்னைக் கண்டதும் அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் பார்சலை நீட்டினேன். அவள் சூட்டுக்கு விலகுவதுபோல ஓரடி பின்னால் போனாள்.

"ஐயோ அண்ணா, வேண்டாம். சாமான் வாங்கினதெண்டு அதுக்கும் ஒரு விசாரணை வரும்."

"தங்கச்சி, நான் உங்களப் பாராட்டித்தானே எழுதினேன்?"

"ஓம் அண்ணா. தெரியும். நானும் வாசிச்சனான்." பிறகு மெல்லக் கேட்டாள். "ரெண்டு தரம் மெசினுக்குள்ள போட்டதை நீங்கள் பார்த்தனீங்கள்தானே? பிறகேன் உப்பிடி எழுதினனீங்கள்?"

நீட்டிய பார்சலை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, அந்தக் காலத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். தெருவில் ஒரு பை தனியாகக் கிடந்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். அந்த நாளில், ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரு தமிழ்க் குடும்பத்தின் நீளமான பொதியைச் சோதிக்காமல் விமானத்தில் ஏற்றினாள் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் போயிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியவில்லை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. துண்டில் கையெழுத்து வைத்த மேலதிகாரி வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அவரிடமிருந்து பதில் வரவில்லை. வருகிற புதன்கிழமை விசாரணையில் முடிவு. வேலை போனால் போனதுதான்.

அன்று துறைமுகத்தில் நான் எண்ணிய எண்ணிக்கை எல்லாம் பிழையாய்ப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அவங்கட வீட்டுக்குப் போவம். முதல்ல மன்னிப்புக் கேளுங்க," என்றார். மறுநாள் கம்பனி வாசலில் இருந்த பெண்ணிடமே கெஞ்சி விலாசம் வாங்கினேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் சின்ன ஃபிளாட். தங்கச்சியும் தாயாரும் மட்டும். கதவைத் திறந்த தாயாரிடம் நான் இன்னார் என்று சொன்னேன்.

"ஓ, நீங்களோ! நல்லா எழுதினனீங்கள் தம்பி. என்ர பிள்ளையை வானத்துக்குத் தூக்கி, அங்கயிருந்து கையை விட்டுட்டியள்." சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ. பிள்ளையை நிலத்தில நிப்பாட்டி வைக்காதையுங்கோ, கதிரையில இருத்துங்கோ."

தங்கச்சி உள்ளே இருந்து வந்தாள். நீ உடனே அவளிடம், "என்ட மெழுகுதிரிக்குத் தொப்பி போட்ட அன்ரி," என்றாய். அவள் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். வாழ்த்துமடல் எழுதுகிற எனக்கு அன்று இரண்டு வசனம் சேர்ந்து வரவில்லை.

"விடுங்கோ அண்ணா. நல்ல மனசோடதான் எழுதினனீங்கள். எனக்கு முதல் வந்த பாராட்டுக் கடிதம் அதுதான்," என்றாள் தங்கச்சி. அது எனக்கு இன்னும் வலித்தது. "அந்த மஞ்சள் துண்டு எண்டாலும் கையில இருந்தா ஒரு கதை கதைக்கலாம். அது பயணியோட போறது. ஒருத்தரும் வச்சிருக்க மாட்டினம்."

"மஞ்சள் துண்டா?" என்று அம்மா நிமிர்ந்தார். "குழாயில நூல் போட்டுக் கட்டியிருந்ததா? அது என்ட ஜெபப் புத்தகத்துல இருக்குதே. பக்கத்துக்கு அடையாளம் வச்சிருக்கேன்."

தங்கச்சியின் தாயார் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "எடி பிள்ளை, உங்கட மாதா கெட்டிக்காரி."

புதன்கிழமை நான் லீவு போட்டேன். எங்களை யாரும் கூப்பிடவில்லை. நாங்களாகவே மூன்று பேரும் போய் வாசலில் இருந்தோம். கடைசியில் பெரியவர் எங்களை உள்ளே வரச்சொன்னார். நரைத்த மீசை, நல்ல அமைதியான சிங்கள மனிதர். மேசையில் என் கடிதம். தங்கச்சி ஒரு பக்கத்தில் நின்றாள். துறைமுகத்தில் பழகிய சிங்களம் எனக்குக் கைகொடுத்தது.

நான் மஞ்சள் துண்டை மேசையில் வைத்தேன். அவர் முத்திரையையும் கையெழுத்தையும் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"இந்தத் துண்டு ஒன்று சொல்கிறது. உங்கள் கடிதம் இன்னொன்று சொல்கிறது. எது உண்மை?"

"துண்டு, சேர்."

"அப்படியானால் கடிதம்?"

என் வாழ்நாளில் நான் எழுதியதை நானே பொய் என்று சொன்னதில்லை. தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பொய் சேர்," என்றேன். "முழுக்க இல்லை. அந்த இடம் பொய். பாராட்டி எழுதினால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவது. சட்டத்தைப் பார்க்காமல் உதவினார் என்றால் அது பெரிய பாராட்டு. நான் யோசிக்கவில்லை."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இந்தப் பிள்ளை சட்டத்தை மீறவில்லை. மெழுகுதிரியைச் சோதித்தது, மேலதிகாரியைக் கேட்டது எல்லாம் இவருடைய கடமை. கடமையைச் செய்ததற்கா இரண்டரைப் பக்கம்? அப்படி என்னதான் செய்தார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் கருணையின் ஊற்று இருந்தது, மாணிக்கம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அம்மா முன்னால் வந்தார். அவருக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம்தான். அதிலேயே சொன்னார். "சேர், அந்தக் கோப்பை இவங்கட தேத்தண்ணிக் கோப்பை. காலையில இருந்து வரிசை. அப்பதான் யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து உள்ளுக்கு வச்சாங்க. ஒரு வாய்தான் குடிச்சிருப்பாங்க. எங்கட மெழுகுதிரிக்கு மூடி இல்லாததைக் கண்டு, உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணிய ஊத்திட்டு, கோப்பையக் கழுவித் துடைச்சுக் கொண்டுவந்து போட்டாங்க. கதவு திறந்து கிடந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியிருந்தது. அந்தக் கோப்பை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டரைப் பக்கத்தில் அது இல்லை.

பெரியவர் வெள்ளைத்தாள் ஒன்றை என் முன்னால் தள்ளினார். "இப்போது சொன்னதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். இங்கேயே. நீங்களே."

ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டைப் கடைக்காரர் பக்கத்தில் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கப்பல் சாமான் குறிக்கிற ஆங்கிலம். பெட்டி எத்தனை, உடைந்தது எத்தனை, யார் பொறுப்பு. அலங்காரத்துக்கு என்னிடம் சொல் இல்லை. எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"என் முதல் கடிதத்தில் ஒரு இடம் பிழை. பாராட்டுவதற்காக அப்படி எழுதினேன். மெழுகுதிரியை இரண்டு தரம் இயந்திரத்தில் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். மேலதிகாரி கையெழுத்து வைத்தார். துண்டு இணைத்திருக்கிறேன். மெழுகுதிரி ஒன்று, உடையாமல் வந்து சேர்ந்தது. இந்த அலுவலர் தன்னுடைய தேநீரை ஊற்றிவிட்டு எங்களுக்குக் கோப்பையைத் தந்தார். நன்றி."

பெரியவர் வாசித்தார். "மெழுகுதிரி ஒன்று" என்ற இடத்தில் மீசை கொஞ்சம் அசைந்தது. பழைய கடிதத்தையும் புதியதையும் ஒன்றாக வைத்து ஊசி குத்தினார். எங்களைப் போகச் சொன்னார். முடிவு என்ன என்று சொல்லவில்லை.

பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் அம்மா ஜெபப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்தார், அடையாளத் துண்டு இல்லாமலே. பதினோராம் நாள் துறைமுகத்துக்கு எனக்கு டெலிபோன் வந்தது. முதலில் சிரிப்புத்தான் கேட்டது.

"அண்ணா, நாளைக்கு நான் திரும்பக் கவுண்டருக்குப் போறன். வேலையையும் நிரந்தரமாக்கிப்போட்டினம். உங்கட ரெண்டாவது கடிதத்தை ஸ்டாஃப் ரூமில ஒட்டியிருக்கினம். எல்லாரும் நின்று வாசிச்சுப்போட்டுத்தான் போகினம்."

"முதல் கடிதம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதை நான் கேட்டு வாங்கி வச்சிருக்கிறன் அண்ணா. மாணிக்கம் எண்டு இனி என்னை ஆர் சொல்லப் போகினம்?"

அடுத்த ஞாயிறு அவளும் தாயாரும் கொட்டாஞ்சேனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கவுண்டருக்கு வெளியே, லீவு நாளில், எங்கள் வீட்டில் வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பழைய பார்சலைக் கடைசியாகக் கொடுத்தேன். பொரி நமத்துப்போயிருந்தது. எண்ணெயைத் தாயார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ தங்கச்சியைச் சுவரோடு நிறுத்தி, அவளுடைய உயரத்துக்கு மெழுகுதிரி செய்ய எவ்வளவு நூல் வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தாய்.

எனக்குப் பேசிப் பழக்கமான நேரம் அது. விருந்தாளி வந்திருக்கிறார், நாலு பேர் இருக்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினேன்.

"நீங்க இருங்க," என்றார் அம்மா.

இருந்தேன். அவர் குசினிக்குள் போய், வீட்டில் இருந்ததில் பெரிய கோப்பை எதுவோ அதில் விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தங்கச்சியின் கையில் வைத்தார். பக்கத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சூடா இருக்கு. மெல்லக் குடிங்க," என்றார். "ஆனா இதை ஒருத்தருக்காகவும் ஊத்தக் கூடாது. முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."